ஹீட்டர் போட்டதும் வந்த பாகு வாசனை

(நவம்பர் மாதக் கூட்டம் முடிந்தபின் கிளப் ஹவுஸில் பேசியது. அன்று வர முடியாத சிலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



பராமரிப்புக் கட்டணம் பற்றிய விவாதம் முடிந்த கையோடு பேச எழுந்து நிற்பதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். பாதிப் பேர் மேலே போய்விட்டார்கள். மீதி இருப்பவர்களில் பாதிப் பேர் டீக்காக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். டீ வரும்வரை பேசுகிறேன். வந்த பிறகும் கொஞ்சம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் லீவுக்கு மலைக்குப் போகிறவர்களுக்கு வண்டி பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார் செயலாளர். டயர், பிரேக் பற்றியெல்லாம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஹீட்டர் போட்டால் வருகிற வாடை. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு ஹீட்டரா என்று சிரிக்கலாம். சிரிப்பதுதான் பிரச்சினையே. வருடம் பூராவும் அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பாதவர்கள் நாம். முதல்முறையாகத் திருப்புகிற இடம் குன்னூருக்கு மேலே, பனி நேரத்தில், பின் சீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு. அதில் என்ன கோளாறு இருந்தாலும் அங்கேதான் தெரியவரும்.

நான் கார் மெக்கானிக் இல்லை. நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மோட்டார் காயில் கருகுவதற்குக் கால் மணி நேரம் முன்பே வார்னிஷ் வாடையை வைத்துக் கண்டுபிடிக்கிறவர்கள் எங்கள் பிரிவில் இருந்தார்கள். புதிதாக வருகிற பையன்களிடம், 'வாடை வந்தால் மெஷினை நிறுத்து, அப்புறம் யோசி' என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் சொந்தக் காரில் என்ன செய்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு.

போன வருடம் அக்டோபரிலிருந்தே என் வண்டியில் ஒரு வாசனை. முதலில் கண்டுபிடித்தது வீட்டுக்காரம்மா. "ஏனுங்க, எங்கயோ பாகு காய்ச்சற மாதிரி வாசம் வருதில்லீங்களா?" என்றார். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏதோ ஸ்வீட் கடை என்றேன். அடுத்த வாரம் ஸ்வீட் கடையே இல்லாத ரோட்டிலும் அதே வாசம். சர்வீஸுக்கு விட்டேன். 'கூலிங் காயிலில் பூஞ்சை பிடித்திருக்கிறது சார்' என்று ஒரு ஸ்ப்ரே அடித்து, கேபின் ஃபில்டரை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் எலுமிச்சை வாசம். பிறகு பழைய பாகு. மறுபடி போனேன், மறுபடி ஸ்ப்ரே. கடைசியில் நான் செய்த காரியம், ஏசி துவாரத்தில் மாட்டுகிற சென்ட் பாட்டில் ஒன்று வாங்கி மாட்டினேன். மல்லிகை. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

டிசம்பர் கடைசியில் ஊட்டி. போகும்போது அருவங்காடு தாண்டியதும் குளிர் ஏறியது, ஹீட்டரைத் திருப்பினேன். வெல்லப் பாகும் மல்லிகையும் கலந்து ஒரு மணம், பேரன் மூக்கைப் பொத்திக்கொண்டான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. திரும்பும்போது கோத்தகிரி வழியாக இறங்கினோம். சாயங்காலம் ஐந்தரை மணி. பனிமூட்டம். முன் கண்ணாடி உள்பக்கம் மங்கத் தொடங்கியது. ஹீட்டரைக் கூட்டினேன், தெளிய வேண்டிய கண்ணாடி இன்னும் மங்கியது. துணியால் துடைத்தேன். நெய்க் கையால் தடவிய மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வளைவில் ஒரு பஸ் மேலே வந்தது. அதன் விளக்கு வெளிச்சம் கண்ணாடி முழுக்கப் பரவி, எனக்கு ரோடும் தெரியவில்லை, தடுப்புச் சுவரும் தெரியவில்லை. இரண்டு மூன்று விநாடிதான். எந்தப் பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ் டிரைவர் நின்றுவிட்டார். அதனால்தான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி, ஹீட்டரை அணைத்து, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, எல்லோரும் சால்வை போர்த்திக்கொண்டு குளிரில் நடுங்கியபடி மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தோம்.

என்ன நடந்தது என்று புரிய, ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். பெட்ரோல், டீசல் வண்டியில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. இன்ஜினைக் குளிர்விக்க ஓடுகிற கூலன்ட் இருக்கிறதல்லவா, அது இன்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு 90 டிகிரி அளவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு கிளையை இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குள் கொண்டுவந்து, கையகல ரேடியேட்டர் ஒன்றில் ஓடவிடுகிறார்கள். அதற்குப் பெயர் ஹீட்டர் கோர். ப்ளோயர் ஊதுகிற காற்று அதன் மேல் பட்டுச் சூடாகி உங்கள் காலுக்கு வருகிறது. ஏசியின் கூலிங் காயிலும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஏசியில் வருகிற பூஞ்சை வாடையும் ஹீட்டரில் வருகிற வாடையும் ஒரே துவாரத்தில் வருவதால்தான் சர்வீஸில் குழம்பிப் போகிறார்கள்.

கூலன்ட் என்பது தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்தது. கிளைக்காலுக்கு இனிப்பு வாசம், இனிப்பு ருசி. ஹீட்டர் கோரில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், சூடான கூலன்ட் ஆவியாக வண்டிக்குள் வரும். அதில் உள்ள தண்ணீர் கண்ணாடியில் மூட்டமாகப் படியும். கிளைக்கால் எண்ணெய்ப் படலமாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் மூட்டம் ஏசி போட்டால் போய்விடும், எண்ணெய்ப் படலம் போகாது. நான் ஹீட்டரைக் கூட்டக் கூட்ட, கண்ணாடிக்கு இன்னும் கூலன்டைப் பூசிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இதையெல்லாம் அன்றைக்கு நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், பி2 பேஸ்மென்ட் செக்யூரிட்டி அண்ணன். ஊட்டியிலிருந்து வந்த மறுநாள் காலை இன்டர்காமில் கூப்பிட்டார். "சார், உங்க வண்டில ஏசி தண்ணி என்னங்க பச்சையா ஒழுகுது?" ஏசி தண்ணீர் வெளியே போகிற அதே குழாய் வழியாக ஹீட்டர் கோரில் கசிந்த கூலன்ட் கீழே சொட்டியிருக்கிறது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பச்சைக் குட்டை. அடுத்ததாக அவர் சொன்னதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "மணி அதை நக்கிட்டிருந்தான், வெரட்டிவிட்டேனுங்க."

மணியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ரேம்ப் ஓரம் படுத்திருக்கிற பழுப்பு நாய். எத்திலீன் கிளைக்கால் நாய்க்கும் பூனைக்கும் கொடிய விஷம். இனிப்பாக இருப்பதால் தேடிப் போய் நக்கும். முதல் சில மணி நேரம் குடித்தவன் மாதிரித் தள்ளாடும், வாந்தி எடுக்கும், பிறகு தெளிந்த மாதிரி தெரியும். அந்தத் தெளிவை நம்பக் கூடாது, அதற்குள் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். சிகிச்சை உண்டு, ஆனால் ஆரம்ப மணி நேரங்களில் கொடுத்தால்தான் பலன். ஏ பிளாக்கில் நாய் வளர்க்கிற அம்மா ஒருவர், பெயர் சொல்ல வேண்டாம் என்றார், தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போனார். டிரிப்ஸ் ஏற்றி இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டான். மிகக் கொஞ்சம்தான் நக்கியிருக்க வேண்டும். அன்றைக்கு அண்ணன் அந்தப் பக்கம் ரவுண்டு வராமல் இருந்திருந்தால், மூன்று மாதம் நான் மல்லிகை சென்ட் மாட்டியதற்கு அந்த நாய் விலை கொடுத்திருக்கும்.

அதனால் முதல் வேண்டுகோள். பேஸ்மென்டில் உங்கள் வண்டிக்குக் கீழே நிறமுள்ள ஈரம், பச்சை, சிவப்பு, ரோஸ், நீலம் எதுவாக இருந்தாலும், அது ஏசி தண்ணீர் இல்லை. ஏசி தண்ணீருக்கு நிறம் கிடையாது. மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவிட்டு, அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடச் சொல்லுங்கள். அப்புறம்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பக்கத்து வண்டிக்காரருடையதாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். குறை சொல்கிறோமே என்று நினைக்க வேண்டாம்.

இனி உங்கள் வண்டியில் இது இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? சாயங்காலம் ஒரு பத்து நிமிடம் போதும். வெள்ளை டிஷ்யூ பேப்பர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முன் கண்ணாடியின் உள்பக்கம், கீழ் ஓரத்தில், ஹீட்டர் காற்று வருகிற இடத்தில் துடையுங்கள். வெறும் தூசி என்றால் பேப்பர் சாம்பல் நிறமாகும். கூலன்ட் என்றால் வழவழப்பாக இருக்கும், கண்ணாடியில் கோடு கோடாக நிற்கும். அடுத்து, முன் சீட் கால்மிதியைத் தூக்கிவிட்டு, அடியில் இருக்கிற கார்ப்பெட்டை நடுப்பக்கம் ஒட்டி அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் விரலில் தேய்த்துப் பாருங்கள், ருசி பார்க்க வேண்டாம். பிசுபிசுப்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம். மூன்றாவதாக, இன்ஜின் நன்றாக ஆறியபின், பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவில் தற்போதைய அளவில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் கழித்து, அதேபோல் ஆறிய நிலையில் பாருங்கள். கூலன்ட் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. ஒரே வாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கியிருந்தால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். சூடாக இருக்கும்போது அந்த மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கிறது, முகத்தில் அடிக்கும்.

அழுத்தம் என்றதும் இன்னொன்று. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகாததற்கு அதுதான் காரணம். வண்டியின் கூலன்ட் 120 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருப்பதற்குக் காரணம், கிளைக்கால் கொஞ்சம், மூடி பிடித்து வைத்திருக்கிற அழுத்தம் நிறைய. கசிவு இருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. சமவெளியில் ஒரு குறையும் தெரியாமல் ஓடுகிற வண்டி பர்லியாறு ஏற்றத்தில் புகை விடுவது இதனால்தான்.

மெக்கானிக்கிடம் போனால் 'பிரஷர் டெஸ்ட்' செய்யச் சொல்லுங்கள். கையால் அடிக்கிற ஒரு பம்பை ரேடியேட்டரில் மாட்டி அழுத்தம் ஏற்றுவார்கள். முள் இறங்கினால் கசிவு உறுதி. இறங்குகிற நேரத்தில் எங்கே சொட்டுகிறது என்று தேடலாம். சில சமயம் கோர் நன்றாகவே இருக்கும், ஹோஸ் கிளிப் மட்டும் தளர்ந்திருக்கும். அது சில்லறைச் செலவு. என் வண்டியில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கோர் விலை பெரிதில்லை, அதை எட்டுவதற்கு டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும். கூலி, பாகத்தின் விலையைப் போல் மூன்று மடங்கு ஆயிற்று. முதலில் காட்டிய இடத்தில், "ஹீட்டர் நமக்கெதுக்குங்க சார், ரெண்டு ஹோஸையும் ஒண்ணா இணைச்சு விட்டுடறேன்" என்றார் மெக்கானிக். பாகம் வருகிறவரை அப்படி ஓட்டினேன், அதில் தப்பில்லை. ஆனால் அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. மலையில் கண்ணாடி தெளியச் சூடான காற்று வேண்டும். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டினால் அடைத்துக்கொள்ளும் என்கிற பழைய லாரிக்காரர் வைத்தியத்தை யாரும் செய்துவிடாதீர்கள். ஓட்டையோடு சேர்த்து ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும்.

பாகு வாசம் இதுதான். மற்ற வாடைகளுக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சோதனை இருக்கிறது, காசு செலவில்லாதது. டேஷ்போர்டில் கார் படத்துக்குள் அம்புக்குறி வளைந்திருக்கிற பட்டன், ரீசர்குலேஷன். அதை அழுத்தினால் உள்ளே இருக்கிற காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். எடுத்துவிட்டால் வெளிக்காற்று, வைப்பருக்குக் கீழே இருக்கிற ஜாலி வழியாக உள்ளே வரும். அந்த ஜாலி இன்ஜின் அறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பட்டனை அழுத்திய சில நிமிடங்களில் வாடை குறைந்தால், கோளாறு வெளியே, பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில். அழுத்தினாலும் குறையவில்லை, கூடுகிறது என்றால் கோளாறு வண்டிக்குள்ளேயே, அந்தப் பெட்டிக்குள். மெக்கானிக்கிடம் 'ஏதோ வாடை' என்று சொல்வதற்கும், 'வெளிக்காற்றில் வருகிறது, உள்காற்றில் வரவில்லை, நின்றுகொண்டிருக்கும்போது கூடுகிறது' என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். நான் அப்படிச் சொல்லியிருந்தால் இரண்டு ஸ்ப்ரே காசு மிச்சம்.

வருடத்துக்கு ஒரு தடவை போடுகிற ஹீட்டரில் முதல் சில நிமிடம் தூசி கருகுகிற வாடை வரும், பிறகு போய்விடும். கவலை வேண்டாம். ஈரச் சாக்ஸ் வாடை என்றால் அதுதான் பூஞ்சை, ஏசி வடிகால் குழாய் அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றி, வீடு சேர ஐந்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்து வெறும் ப்ளோயரை ஓடவிட்டால் காயில் காய்ந்துவிடும். எண்ணெய் கருகுகிற வாடை, சிக்னலில் நிற்கும்போது மட்டும் வந்தால், டேப்பெட் கவர் கேஸ்கெட்டில் ஆயில் கசிந்து சூடான எக்ஸாஸ்ட்டில் விழுகிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள், தீப்பிடிக்க வாய்ப்புள்ளது. பிளாஸ்டிக் கருகுவது போலவோ, விசித்திரமாகக் கருவாட்டு வாடை போலவோ வந்தால் ப்ளோயரை உடனே அணையுங்கள். கருவாடு என்று சிரிக்க வேண்டாம், சூடேறிய கனெக்டர் பிளாஸ்டிக் சிலது அப்படித்தான் நாறும். மில்லில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பெட்ரோல் வாடை வந்தால் பேச்சே இல்லை. நிறுத்தி, இறங்கி, தள்ளி நின்று போன் செய்யுங்கள்.

எலி விஷயம் நம் எல்லோருக்கும் பொதுவானது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ப்ளோயர் பெட்டி எலிக்கு ஏற்ற வீடு. இருட்டு, ஓட்டி வந்து நிறுத்திய வண்டி என்றால் கதகதப்பு வேறு. கேபின் ஃபில்டரைப் பிய்த்து மெத்தை போட்டுக்கொள்ளும். ஏசியில் லேசாக இருக்கிற எலி மூத்திர வாடை ஹீட்டர் போட்டதும் மூச்சை அடைக்கும், சூட்டில் ஆவியாவதால். இதைச் சுத்தம் செய்யும்போது தூசி பறக்கக் காற்றடிக்கச் சொல்லாதீர்கள். கையுறையும் மாஸ்க்கும் போட்டு, கிருமிநாசினியால் நனைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். எலிக்காய்ச்சல் எலி மூத்திரத்தால் வருவது என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பயந்து நம்மில் சிலர் வைப்பர் ஜாலிக்குள் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறீர்கள். அந்த நாப்தலீன் ஆவியை ஹீட்டர் நேராக உங்கள் குழந்தையின் மூக்குக்கு அனுப்புகிறது. தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். எலியை வண்டியில் விரட்டுவதைவிட பேஸ்மென்டில் விரட்ட வேண்டும். லிஃப்ட் ஓரம் இரவில் வைக்கிற குப்பைப் பைகளைப் பற்றி நான் போன கூட்டத்திலும் சொன்னேன், அதற்கு மேல் பேசினால் சண்டை வரும்.

கடைசியாக ஒன்று. எக்ஸாஸ்ட் புகை வாடை. இதை நான் வேறு குரலில் சொல்ல வேண்டும். புகையின் வாடை மூக்குக்குத் தெரியும். அதோடு வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அது 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தூக்கம். மலையேறுகிறவர்கள் இதை 'வளைவில் தலை சுத்துது' என்றுதான் நினைப்பார்கள். ஹீட்டர் போட்டபின் வண்டியில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், அது வளைவு இல்லை. கண்ணாடியை இறக்குங்கள், வண்டியை நிறுத்துங்கள், எல்லோரையும் வெளியே இறக்குங்கள். இறங்கியும் சரியாகவில்லை என்றால் மருத்துவமனைக்கு, அதே வண்டியில் இல்லை. காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் குறைந்தால் எக்ஸாஸ்ட் இணைப்பில் விரிசல் இருக்கலாம். அதைச் சரிபார்க்காமல் மலையேறாதீர்கள்.

இதில் நாம் கவனிக்காத ஆள் ஒருவர் இருக்கிறார். வாடகை வண்டியிலோ, டிரைவர் வைத்தோ போகிறோம். நாம் அறை எடுத்துக் கம்பளிக்குள் படுத்துவிடுகிறோம். டிரைவர் எங்கே படுக்கிறார்? எத்தனையோ இடங்களில் வண்டியிலேயே. ஜனவரி குளிரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். மூக்கு தூங்கிவிடும், வாடை வந்தாலும் எழுப்பாது. நிற்கிற வண்டியின் பின்பக்கம் சுவரோ மண்மேடோ இருந்தால் புகை அடியிலேயே தேங்கும். அறை பதிவு செய்யும்போதே டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், அவருக்கும் ஒரு படுக்கைக்குக் காசு கொடுத்துவிடுங்கள். நாங்கள் கோத்தகிரியிலிருந்து இறங்கியதற்கு அடுத்த முறை போனபோது அப்படித்தான் செய்தோம், பெரிய தொகை ஒன்றும் ஆகவில்லை.

அதே காரணத்துக்காக இங்கேயும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டரி இறங்காமல் இருக்க பேஸ்மென்டில் இருபது நிமிடம் இன்ஜினை ஓடவிடுகிற பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. குழந்தைகள் பாட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். மேலே கொண்டுபோய் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். பேட்டரிக்கும் அதுதான் நல்லது.

டீ வந்துவிட்டது. இரண்டு கேள்வி வந்திருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

மலையில் கண்ணாடி மங்கினால் ஏசியா ஹீட்டரா என்று சி பிளாக் தம்பி கேட்கிறார். இரண்டும். ஏசி காற்றின் ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கும். ஏசி பட்டனையும் போட்டு, குமிழையும் சிவப்பில் வைத்து, வெளிக்காற்றை விட்டு, முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். தெளியாமல் எண்ணெயாக நின்றால், என் கதைதான்.

மின்சார வண்டிக்கு இதெல்லாம் உண்டா என்று மேடம் கேட்கிறார்கள். எக்ஸாஸ்ட் புகை கிடையாது, அது பெரிய நிம்மதி. ஆனால் எலி உண்டு, பூஞ்சை உண்டு, தூசி கருகுவதும் உண்டு. பேட்டரியைக் குளிர்விக்கப் பெரும்பாலானவற்றில் கூலன்டும் ஓடுகிறது, எனவே கீழே நிறமுள்ள ஈரத்தைப் பார்த்தால் அதே எச்சரிக்கைதான். ஹீட்டர் மின்சாரத்தில் சூடாவதால், பிளாஸ்டிக் வாடை வந்தால் நீங்களாகத் திறக்காமல் நேராக சர்வீஸுக்குச் சொல்லுங்கள், அதில் ஓடுவது வீட்டு மின்சாரத்தைவிட அதிக வோல்டேஜ்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் பி2-வில் தூண் 14 பக்கம் டார்ச்சும் டிஷ்யூ பேப்பரும் வைத்துக்கொண்டு இருப்பேன். வண்டியைக் காட்ட விரும்புகிறவர்கள் சனி இரவே நிறுத்திவிடுங்கள், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். தொங்கவிட்டிருக்கிற சென்ட் பாட்டில்களை அதற்கு முந்தைய நாளே கழற்றிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் எனக்கு எதுவும் தெரியாது.